ஏரியைத் திறந்த நங்கூரம்

நங்கூரம் என்ற சொல்லுக்கு எந்த அகராதியைப் புரட்டினாலும் ஒரே பொருள்தான் போட்டிருக்கும்: கப்பல் நகராமல் நிறுத்திவைக்கும் இரும்புக் கருவி. புத்தூருக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து கேட்டுப் பாருங்கள், வேறு பொருள் சொல்வார்கள். தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும் கன்றுக்குட்டியை இன்னும் பத்திரமாகக் கட்டுகிறேன் என்று போய், முடிச்சை அவிழ்த்து விட்டுவிட்டு ஒருவன் திரும்பினால், "நங்கூரம் போட்டுட்டான்யா" என்பார்கள். நிச்சயமான கல்யாணத்தை இன்னும் கெட்டிப்படுத்துகிறேன் என்று பெண்வீட்டுக்குப் போய்ப் பேசி, அதைக் கலைத்துவிட்டு வரும் பெரியப்பாவுக்கும் அதே பட்டம்தான். கடலையே காணாத ஊரில் இந்தச் சொல் இப்படி ஒரு பொருளோடு புழங்குவதற்குக் காரணம் நான். (தமிழ் வாத்தியாராக நான் தமிழுக்குச் செய்த தொண்டு இது ஒன்றுதான். அதுவும் வேண்டுமென்று செய்ததில்லை.)

அப்போது ஆந்திர ராஜ்யம் பிறந்து சித்தூர் ஜில்லா முழுவதும் அதோடு போயிருந்தது. ஆனால் எல்லை மட்டும் முடிவாகவில்லை. காலையில் டீக்கடையில் எங்கள் ஊர் மதராஸுக்குப் போய்விடும், சாயங்காலம் அதே டீக்கடையில் ஆந்திராவுக்குத் திரும்பி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பிரிவு ஒன்று, தமிழ்ப் பிரிவு ஒன்று. தெலுங்குக்கு எத்திராஜுலு சார், தலைமை ஆசிரியரும் அவரே. தமிழுக்கு, திருப்பதியில் பயிற்சி முடித்த கையோடு வந்து சேர்ந்த நான். என் பதவிக்கு முன்னால் 'தற்காலிகம்' என்று ஒரு வார்த்தை இருந்தது. கையெழுத்துப் போடும்போது அந்த வார்த்தையை மட்டும் பொடி எழுத்தில் எழுதுவேன்.

ஒருநாள் எத்திராஜுலு சார் கூப்பிட்டார்.

"சித்தூர்லருந்து இன்ஸ்பெக்டர் வராரு. தமிழ் கிளாஸு தேவையா, இல்ல பசங்கள எல்லாம் தெலுங்குலயே சேத்துடலாமான்னு பாத்து ரிப்போர்ட் எழுதப்போறாரு."

"தேவையில்லைன்னு எழுதிட்டாருன்னா, சார்?"

"பொட்டியக் கட்டிக்கினு சந்திரகிரிக்குப் போவ வேண்டியதுதான்."

சந்திரகிரியில் என் அம்மா இருந்தாள். மகனுக்கு சர்க்கார் வேலை கிடைத்துவிட்டது என்று கோட்டைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருந்தாள். திரும்பிப் போனால் அத்தனை வீட்டுக்கும் அவளே போய்ப் பதில் சொல்ல வேண்டும். அவள் சொல்லிவிடுவாள், ஆனால் அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவில் எப்படி நடப்பது?

"ஒரு பாடம் நல்லா நடத்து. அவுரு எதிர்ல நடத்தணும். வெறும் வாயால நடத்தாத, ஒரு பொருள கையில வெச்சுக்கினு நடத்து. இப்ப வர்ற இன்ஸ்பெக்டருங்களுக்கு எல்லாம் பொருள் இருந்தாத்தான் திருப்தி" என்றார் எத்திராஜுலு சார்.

எந்தப் பாடம் என்று யோசித்தேன். எனக்கு முன்னால் இருந்த தமிழ் வாத்தியார் பசுவைப் பற்றி நடத்தினாராம். பொருளாக ஒரு பசுவையே வகுப்புக்குள் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வீட்டில் மாடு கன்று உண்டு போலிருக்கிறது. பசுவுக்கு மேல்தாடையில் முன்பல் எத்தனை என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் எட்டு என்றார். பசுவின் வாயைத் திறந்து பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதமே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

இதிலிருந்து நான் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். எல்லாருக்கும் தெரிந்ததைப் பற்றிப் பேசினால்தான் ஆபத்து. யாருமே பார்க்காததைப் பற்றிப் பேசினால் யார் தப்புக் கண்டுபிடிப்பார்கள்? பாடப்புத்தகத்தில் துறைமுகம் என்று ஒரு பாடம் இருந்தது. எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர் கிடையாது. (நான் ஒருமுறை கடலைப் பார்ப்பதற்கென்றே மதராஸுக்குப் போனேன். சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் வாங்கித் தின்ற போண்டா ஒத்துக்கொள்ளாமல் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டேன்.) அந்தப் பாடத்தில் கடினச் சொல் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது நங்கூரம். பொருள் எழுதி, 'நங்கூரம் பாய்ச்சினான்' என்று ஒரு வாக்கியமும் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்னப் படம்.

படத்தை உற்றுப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. நடுவில் ஒரு தண்டு, கீழே நாலு பக்கமும் வளைந்த கொக்கிகள், மேலே கயிறு கட்ட ஒரு வளையம். அப்படியே பாதாளக்கரண்டி! கிணற்றில் குடமோ வாளியோ விழுந்துவிட்டால் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவி எடுப்போமே, அதுதான். ஊருக்கு ஒரு வீட்டில்தான் அது இருக்கும். எங்கள் ஊரில் கரும்பும் நெல்லும் பயிரிடும் முனிரத்தினம் வீட்டில் இருந்தது.

நான் போனபோது அவர் மகள் பூங்காவனம் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா உழுந்துடுச்சி வாத்தியாரே? குடமா, பக்கெட்டா?"

"ஒண்ணும் விழல. பாடம் நடத்தறதுக்கு வேணும்."

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "பாதாளக்கரண்டிய வெச்சுக்கினு பாடமா? பசங்க கெணத்துலயா கீறாங்க?"

நான் விளக்கினேன். நங்கூரம் என்றால் என்ன, அதை எப்படிப் பாய்ச்சுவார்கள், கப்பல் எப்படி நிற்கும் என்று புத்தகத்தில் இருந்த நாலு வரியையும் ஒப்பித்தேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே பார்த்து, "நைனா, வாத்தியாரு கப்பல நிறுத்தணுமாம், கரண்டி கேக்கறாரு" என்று குரல் கொடுத்தாள்.

முனிரத்தினம் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "பாத்திரம் கொண்டாந்தீங்களா?"

பாதாளக்கரண்டி இரவல் வாங்குவதில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர்கள் ஒரு பித்தளைப் பாத்திரத்தை அடகாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். கரண்டி திரும்பி வந்தால்தான் பாத்திரம் திரும்பும். ஏனென்றால் அவசரத்துக்கு வாங்குகிறவர்கள் குடம் கிடைத்த சந்தோஷத்தில் கரண்டியை மறந்துவிடுவார்கள். கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் முனிரத்தினத்திடம் சொம்பு வைக்காமல் கரண்டி நகராது. என்னிடம் இருந்த ஒரே பித்தளைப் பாத்திரம் என் அம்மா கொடுத்தனுப்பிய கூஜா. அவளுடைய கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது. வயிற்றில் 'ரங்கநாயகி' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். "பத்திரம்டா" என்று மூன்று தரம் சொல்லிக் கொடுத்தாள். நாளைக்கே திரும்பிவிடும் என்ற தைரியத்தில் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். பூங்காவனம் அதை வாங்கி, பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, "யாரு ரங்கநாயகி?" என்று ஒரு தினுசாகக் கேட்டாள்.

"எங்க அம்மா."

"அப்ப சரி" என்று உள்ளே கொண்டுபோனாள். எது சரி என்று நான் கேட்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் பயந்தவன் ஒன்றோடு நிற்கமாட்டான். கரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது, அவர் தோட்டத்துக் கொட்டகையில் கரும்புப் பாகு காய்ச்சும் கொப்பரை கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரியது. மழைக்காலத்தில் ஓடை புரண்டால் எங்கள் ஊரில் அதில்தான் உட்கார்ந்து அக்கரைக்குப் போவார்கள். நங்கூரம் மட்டும் இருந்தால் போதுமா, கப்பல் வேண்டாமா? கப்பல் மிதக்க ஏரிதான் நிறைந்து கிடக்கிறதே! திரும்பிப் போய்க் கேட்டேன். கொப்பரைக்கு என்ன அடகு என்றும் கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணும் வேணாம். அத்தப் போயி எங்க தொலைக்கப்போறீங்க?" என்றார் முனிரத்தினம்.

இன்ஸ்பெக்டர் புத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல தாட்டியான ஆள். பஞ்சகச்சம், மூடின கழுத்துக் கோட்டு, தோளில் சரிகை போட்ட அங்கவஸ்திரம். தெலுங்கு வகுப்பைப் பார்த்துவிட்டு என் வகுப்புக்கு வந்தார். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் மறந்துபோய், இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தேன். கரும்பலகையில் 'நங்கூரம்' என்று எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தரம் உடைந்தது.

எழுத்தைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏமண்டி மாஸ்டாரு, லங்கரு பாடமா? பேஷ்! எங்க ஊரு பந்தரு. மச்சிலிப்பட்டணம். எங்க நான்னாவுக்கு, அப்பாவுக்கு, துறைமுகத்துலதான் வேலை. நான் ஓடத்துலயே வளந்தவன்" என்றார் அவருடைய தமிழில்.

சித்தூர் ஜில்லாவில் இருக்கும் ஆயிரம் அதிகாரிகளில் துறைமுகத்தில் பிறந்த ஒரே அதிகாரி எனக்கென்று வந்து வாய்த்திருந்தார். பசுவே தேவலை என்று தோன்றியது. பசுவுக்காவது எத்தனை பல் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"பொருள் இருக்கா?" என்று கேட்டார்.

"ஏரியில இருக்கு சார்" என்றேன்.

பிள்ளைகள் வரிசையாக முன்னால் போக, எத்திராஜுலு சாரும் இன்ஸ்பெக்டரும் நடுவில் வர, நான் கடைசியில், தூக்குமேடைக்குப் போகிறவன் மாதிரி நடந்தேன். பிள்ளைகளைக் கரைமேல் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் கொப்பரையில் ஏறி, மதகுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்க் கரண்டியைப் போட்டுக் காட்டுவதுதான் என் திட்டம். மதகுப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே மார்பளவுதான் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது.

கொப்பரையைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். செருப்பைக் கழற்றி எத்திராஜுலு சார் கையில் கொடுத்துவிட்டு, "நேனு கூடா வஸ்தானு, நானும் வரேன்" என்று எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறங்குங்கள் என்று சொல்ல நான் யார், தற்காலிகம்.

மூங்கிலை ஊன்றித் தள்ளினேன். கொப்பரை உருண்டையான பாத்திரம், அதற்கு முன் பின் கிடையாது. முன்னால் போவதற்குப் பதிலாக நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. கரை வந்தது, மலை வந்தது, எத்திராஜுலு சார் செருப்போடு வந்தார், மறுபடி மலை வந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார். எப்படியோ மதகுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தோம்.

"பிள்ளைகளே, இதோ நங்கூரம் பாய்ச்சுகிறேன்!" என்று கத்திக் கரண்டியைத் தண்ணீரில் போட்டேன்.

"கயிறு சாலதய்யா, போதாது. இன்னும் விடு. லங்கரு தரையில படுக்கணும். படுத்தாத்தான் பிடிக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். விட்டேன். கொப்பரை காற்றில் கொஞ்சம் நகர்ந்தது, கயிறு விறைத்தது, கொப்பரை சட்டென்று நின்றது. சுற்றவும் இல்லை, நகரவும் இல்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் என் முதுகில் ஓங்கித் தட்டி, "சாலா பாகுந்தி மாஸ்டாரு! ரொம்ப நல்லா இருக்கு!" என்றார். என் வாழ்க்கையில் நான் தலைநிமிர்ந்து நின்ற நேரம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். கரையில் பூங்காவனம்கூட நின்றுகொண்டிருந்தாள். (என்னைப் பார்க்க வந்தாள் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைப் பார்க்க வந்தாளாம்.)

"இப்ப லங்கரு எடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

இழுத்தேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். கொப்பரைதான் ஒரு பக்கமாகச் சாய்ந்ததே தவிரக் கரண்டி அசையவில்லை. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரி மதகின் அடிவாயை ஒரு மரக்கட்டை வைத்து அடைத்திருப்பார்கள். அந்தக் கட்டையோடு சேர்ந்த நீண்ட இரும்புக் கம்பி தண்ணீருக்கு மேல் தெரியும். அதைத் தூக்கினால் கட்டை கிளம்பும், வயலுக்குத் தண்ணீர் பாயும். அந்த வருஷம் கம்பி துருப்பிடித்து ஒடிந்துபோய், கட்டையின் தலையில் ஒரு இரும்பு வளையம் மட்டும் தண்ணீருக்குள் இருந்தது. ஊரில் குழந்தைக்கும் தெரிந்த இந்த விஷயம் வாத்தியாருக்குத் தெரியாது. என் நங்கூரம் போய்ப் படுத்து, பிடித்துக்கொண்டிருந்தது அந்த வளையத்தை.

"ரெண்டு பேரும் சேந்து இழுக்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பந்தர் துறைமுகத்து பலம் முழுவதும் கயிற்றில் இறங்கியது. கீழே ஏதோ பெயர்ந்தது. கயிறு தளர்ந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய ஆள் ஒருவர் பாயசத்தைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சுவது போன்ற சத்தம்.

கரையில் நீர்க்கட்டி ஆறுமுகம் நின்றிருந்தார். ஏரித் தண்ணீரைப் பங்கு பிரித்து விடுகிறவர் அவர்தான். தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்:

"யோவ் வாத்தியாரே! மதகுக் கட்டைய இஸ்துட்டியேய்யா!"

அவர் கத்தியதில் பயந்து கயிற்றைக் கைவிட்டேன். கட்டை கொக்கியிலிருந்து கழன்று மேலே மிதந்து வந்தது. கரண்டி மிதக்கவில்லை, கயிற்றோடு உள்ளே போயிற்று. கரைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் மதகுக் கால்வாய் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. முதல் வயல் முனிரத்தினத்துடையது. நேற்றுதான் அறுப்பு முடிந்து, கதிர்க்கட்டுகள் களத்துக்குப் போகாமல் வயலிலேயே கிடந்தன. வேலை, அம்மா, கோட்டைத் தெரு எல்லாம் அந்தக் கால்வாயிலேயே ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆறுமுகம் கட்டையை நோக்கி நீந்திக்கொண்டே கூவினார். "கட்ட வர்ற வரைக்கும் ஓட்டைய அடைங்க! துணி, துணி! வேட்டிய அவுருங்க சார்!"

"ஆறுமுகம், பிள்ளைங்க இருக்காங்க..."

"நெல்லு போவுதுய்யா!"

அவிழ்த்தேன். தண்ணீரில் குதித்து, அரை டிராயரோடு மார்பளவு நீரில் நின்று, வேட்டியைச் சுருட்டிக் காலால் அந்தத் துவாரத்துக்குள் திணித்தேன். போதவில்லை. மேலே பார்த்தேன். இன்ஸ்பெக்டர் தம் சரிகை அங்கவஸ்திரத்தை எடுத்துக் கீழே நீட்டினார். அதுவும் உள்ளே போயிற்று. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. ஆறுமுகம் கட்டையை வைத்து வைக்கோல் அடைத்து முடிப்பதற்குள் முனிரத்தினத்தின் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

கரையேறினேன். ஒரு பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு துண்டை நீட்டினாள். வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் பூங்காவனம் என்று தெரிந்தது. அதற்குள் முனிரத்தினம் ஓடிவந்தார். வயலைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நெல்லு காஞ்சிக்கும். கரண்டி எங்க?" என்றார்.

கரண்டி சேற்றில் எங்கேயோ இருந்தது. ஆறுமுகம் முங்கி முங்கித் துழாவினார், கிடைக்கவில்லை. கொக்கி போட்டுத் தேடலாமே என்று எத்திராஜுலு சார் யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் பாதாளக்கரண்டியைத் தேட இன்னொரு பாதாளக்கரண்டி வேண்டும், ஊரில் இருந்ததே ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார். கோட்டெல்லாம் சேறு. நாற்காலியில் உட்கார்ந்து, என் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு எதிரே நிற்கவைத்தார். நான் மூலையில், துண்டைப் பிடித்துக்கொண்டு, திருமலை இருக்கும் திசையை உத்தேசமாகக் கண்டுபிடித்து வேண்டிக்கொண்டேன்.

"பிள்ளைங்களா, லங்கரு... நங்கூரம்னா ஏமிட்டி? யார் சொல்வாங்க?"

இத்தனை நாள் எந்தக் கேள்விக்கும் வாயைத் திறக்காத குப்பம்மா, முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணீரென்று சொன்னாள்:

"ஏரியத் தொறக்கிற கரண்டி சார்!"

"வாக்கியத்துல சொல்லு."

"எங்க சாரு நங்கூரம் போட்டாரு, முனிரத்தினம் மாமா நெல்லு மூழ்கிப்போச்சி."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. கர்ச்சீப்பை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா, ஆத்திரத்தில் நடுங்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே எழுந்து, கர்ச்சீப்பை எடுக்காமலே போய், பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல எதிரிக்கும் வரக்கூடாது. சித்தூரிலிருந்து எந்தத் தபால் வந்தாலும் நான் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன். பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். சாயங்காலமானால் முனிரத்தினத்தின் களத்துக்குப் போய் நனைந்த கதிர்களை உதறிக் காயப்போட்டேன். யாரும் கூப்பிடவில்லை, நானே போனேன். முதல் நாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் மோர் வந்தது. கொண்டுவந்தவள் பூங்காவனம்.

"வேல போயிடுமா வாத்தியாரே?"

"போயிடும்னுதான் தோணுது."

"போனா கூஜாவும் இங்கியே தங்கிடும்."

"அத எப்படியாவது குடுத்துடேன். ஊருக்குப் போனா அம்மா கேட்டுக்கினே இருப்பா." (அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.)

"கரண்டி வராம கூஜா குடுத்தா நைனா என்ன ஊட்ட உட்டே தொரத்திடுவாரு" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலை போய்விட்டால் இந்தச் சிரிப்பையும் விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்று அப்போதுதான் முதல்முதலாக நினைத்தேன். கவலை ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது.

மாதக் கடைசியில் சந்திரகிரி போனபோது அம்மா முதல் கேள்வியாகக் கூஜாவைக் கேட்டாள். "ஈயம் பூசக் கொடுத்திருக்கேன்" என்றேன். அடுத்த மாதமும் கேட்டாள். "இன்னும் பூசி முடிக்கல" என்றேன்.

கடைசியில் உத்தரவு வந்தது. எத்திராஜுலு சார் கவரைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, முதலில் தமக்குள் படித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்புறம் உரக்கப் படித்தார். தமிழ்ப் பிரிவு தொடர்ந்து நடக்கலாம். ஆசிரியர் நடத்திய பாடம் மாணவர் மனத்தில் என்றும் அழியாதபடி பதிந்துவிட்டது. ஆனால் இனிமேல் இவர் நீர்நிலைகளுக்கு அருகில் பாடம் நடத்த அனுமதிக்க வேண்டாம். அதைக் கேட்டதும் நான் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். எத்திராஜுலு சார் தண்ணீர் கொடுத்தார். அதையும் கொட்டிவிட்டேன்.

வேலை நிலைத்ததும் முனிரத்தினம் சந்திரகிரிக்குப் போய் என் அம்மாவிடம் பெண் கொடுக்கிறேன் என்று பேசினார். இரண்டு குடும்பமும் ஒருவகையில் தூரத்து உறவுதான் என்று அம்மா பேச்சோடு பேச்சாகக் கண்டுபிடித்துவிட்டாள். கல்யாணம் நாராயணவனத்தில். பெண்வீட்டுச் சீர்வரிசையைப் பரப்பி வைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பார்த்துத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு கூஜா பளபளவென்று இருந்தது. அம்மா அதைத் தூக்கினாள், திருப்பினாள், வயிற்றில் வெட்டியிருந்த பெயரைப் படித்தாள். மணவறையில் நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"ஏன்டா, ஈயம் பூசறவரு பொண்ணையா கட்டிக்கிறே?" என்றாள் அம்மா.

மண்டபமே சிரித்தது. முனிரத்தினம் எழுந்து கைகூப்பி, "சம்பந்தியம்மா, வழக்கப்படி கரண்டி வராம கூஜாவ நான் குடுக்கக்கூடாது. அதனால கூஜாவுக்குப் பதிலா மாப்பிள்ளைய அடகா வெச்சுக்கினு இத்தத் திருப்பிக் குடுக்கறேன். கரண்டி வந்த அன்னிக்கு உங்க புள்ளைய ஓட்டிக்கினு போங்க" என்றார். அம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

எல்லை முடிவானபோது திருத்தணிப் பக்கம் மதராஸோடு போயிற்று. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. என்னை எங்கேயும் மாற்றவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தலை நரைத்தேன். வருஷா வருஷம் நங்கூரம் பாடம் வரும். நான் பொருள் சொல்லுவதற்கு முன்பே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள், குப்பம்மா சொன்ன பொருளை. பரீட்சையிலும் அதையே எழுதினார்கள். நான் மார்க் போட்டுவிட்டேன். போடாமல் என்ன செய்வது, உண்மைதானே? மாமனாரும் நல்லநாள் பெரியநாள் விடாமல், "இன்னா மாப்ள, கரண்டி கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு கோடையில் ஏரி அடியோடு வற்றியது. வண்டல் வாரப் போன ஆறுமுகத்தின் மகன், துரு மண்டிய ஒரு இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நாலு கொக்கியும் அப்படியே இருந்தன. மாமனார் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பூங்காவனம் சமையலறையிலிருந்து வந்தாள். என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, ஒரு கோணிப்பையில் சுற்றி, பரண்மேல் கடைசி மூலைக்குத் தள்ளினாள்.

"நைனாவுக்குச் சொல்லாதீங்க. அவுரு வழக்கம் தவறாத ஆளு, அடகத் திருப்பி அனுப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கரண்டி இன்னும் பரண்மேல்தான் இருக்கிறது.